புள்ளியில் தொடங்கும் கோப்புறை

மஸ்கெலியாவில் மழை விட்ட ராத்திரி.
ஸ்டோர் ஆபிஸ் மடிக்கணினிக்கு
மவுஸ் செத்து ஒரு வருஷம்.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
துடிக்கிற ஒரு கோடு. போதும்.

'காட்டு' என்று தட்டுவேன்.
நாளைய வேலை வரிசையில் வந்து நிற்கும்,
பிரட்டுக்களத்தில் நிற்கிற மாதிரி:
மூன்றாம் ரோலர் பெல்ட்
டிரையர் கதவுக்குக் கீல்
கொழுந்து லொறி லைசன்ஸ்
கமலேஸ்வரிக்குப் பதில் எழுது

எங்கேயோ இருக்கிற ஒருவன் எழுதிய கருவி.
அதற்குத் தெரிந்தது நாலே சொல்:
சேர், காட்டு, முடி, அழி.
எங்கள் மழையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?
ஆனாலும் நல்ல மனுசன்.
பின்கதவைச் சாத்தாமல் போயிருந்தான்:
ஒரு கோப்புறை.
அதற்குள் எதை எழுதி வைத்து
'ஓடலாம்' என்று அனுமதி கொடுத்தாலும்
அது ஐந்தாவது சொல்லாகிவிடும்.

கோப்புறையின் பெயர் புள்ளியில் தொடங்கும்.
தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் நிற்கும்.
இங்கே பெயருக்கு முன்னால் வைத்தால்
மெய் மறைந்து
உயிர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் 'மழை' எழுதினேன். எட்டு வரி.
மானியில் நாற்பது மில்லிமீற்றர் என்று சொன்னால்
கூரைத் தகரமும் பெயின்ற் வேலையும்
தாமாகவே மறுநாளுக்கு நகர்ந்துகொள்ளும்.
மரியசீலன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"வானத்துக்கே லீவு குடுக்குறியா?"

பிறகு 'நறுக்கு'.
நீண்ட வரியைத் திரைக்குள் அடக்க.
அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணியது.
கொழுந்து பாதியில் கேள்விக்குறியாயிற்று.

பிறகு 'பேர்'.
அதை எழுதியிருக்கக் கூடாது.
யார் எத்தனை வேலை முடித்தார் என்று கூட்டி
முழுப்பேரா அரைப்பேரா என்று சொல்லும்.
ஒரு தரம்தான் ஓட்டினேன்.
மரியசீலன், அரைப்பேர், என்றது திரை.
அன்று முழுக்க அவன்
பொய்லருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றவன்.
கணக்கப்பிள்ளையின் பென்சில்
எப்போது என் விரலுக்கு வந்தது?
அழிக்கவில்லை.
ஓடும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டேன்.
கிடக்கட்டும், காலில்லாமல்.

'தள்ளு' தான் எனக்காகவே எழுதியது.
எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளும்.
கமலேஸ்வரி மாசியில் கேட்டிருந்தாள்:
கடையில் ஆள் வேணுமாம், வர்றியா இல்லியா?
அதை நாற்பத்தொரு தரம் தள்ளியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டாம் தரம்
கோப்பைக் கொஞ்சம் திருத்தப் போய்
மேற்கோள் குறி விட்டுப்போயிற்று.
ஷெல்லுக்கு இடைவெளி என்றால் கத்தி.
விடியக் காலையில் பட்டியல் இப்படி:

29 ரோலர்
30 பெல்ட்
31 கமலேஸ்வரிக்குப்
32 பதில்
33 எழுது

"பெல்ட்டு மாத்திடலாம்" என்றான் மரியசீலன்,
"இருபத்தெட்டுல 'மூன்றாம்'னு இருக்கே,
அத எப்படிச் செய்யிறது?"

இரண்டு சின்னக் குறி போட்டேன்.
ரோலரும் பெல்ட்டும் திரும்ப ஒன்றாயின.
அந்த மூன்றை மட்டும் ஒட்டவில்லை.
ஒன்றாக இருந்தபோது தூக்க முடியாதது
பிரித்த பிறகு கைக்கு அடக்கமாய்த் தெரிந்தது.

இரவு ஒரு கொப்பித் தாள் எடுத்து
திகதி எழுதினேன், ஊர் எழுதினேன்.
'முடி 33' என்று தட்டினேன்.
அவள் பெயரை எழுதினேன், 'க' கொஞ்சம் சாய்ந்தது.
'முடி 31'.

இப்போது பட்டியலில் 32 தனியாக நிற்கிறது.
எழுந்து போய் வாட்டுத்தளத்து மின்விசிறிச் சத்தத்தைக்
கொஞ்சம் கேட்டுவிட்டு வந்தேன்.
'தள்ளு' கோப்பின் அனுமதியை எடுத்தேன்.
எடுத்த கை சூடு ஆறுமுன்னே
பழக்கத்தில் விரல் தட்டியது:
தள்ளு 32

அனுமதி மறுக்கப்பட்டது,
என்றது ஷெல்.

கோடு துடிக்கிறது.